ஒரே மட்டை, ஒரு தென்னைநார் மிதியடி

ராஜபாளையத்தில் இருந்துகொண்டு கோல்ஃப் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டால், முடியும் என்பேன். விளையாடத்தான் வெளியூர் போக வேண்டும். தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வராது. ஆனால் மைதானத்தில் இறங்காமலே கோல்ஃபில் பாதியைக் கற்றுவிடலாம். அந்தப் பாதிக்குப் பெயர் ஸ்விங் (மட்டையைப் பின்னால் கொண்டுபோய், சுற்றி வந்து, அடித்து முடிக்கும் மொத்த அசைவு). இனி அதை வீச்சு என்றே சொல்கிறேன்.

கோல்ஃப் பற்றி எதுவுமே தெரியாது என்கிறீர்களா? தெரிய வேண்டியது கொஞ்சம்தான். தரையில் கிடக்கும் பந்தை, எவ்வளவு குறைந்த அடிகளில் முடியுமோ அவ்வளவில், தூரத்தில் இருக்கும் குழிக்குள் சேர்க்க வேண்டும். பந்து எலுமிச்சம்பழ அளவு. எடை 46 கிராமைத் தாண்டாது. குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், அதாவது ஒரு சொம்பின் வாய். ஒரு மைதானத்தில் 9 அல்லது 18 குழிகள் இருக்கும். தூரத்தைக் கெஜத்தில் சொல்வார்கள். துணிக்கடையில் பெரியவர்கள் சொல்லும் அதே கெஜம்தான், மீட்டரைவிடச் சற்றுக் குறைவு.

பணக்காரர்கள் ஒரு பை நிறைய மட்டைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்களே, அத்தனையும் வாங்க வேண்டுமா? வேண்டாம். விதிப்படி 14 மட்டை வரை கொண்டுபோகலாம். 14 இருந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கற்றுக்கொள்ள ஒன்று போதும். அந்த ஒன்று ஹைப்ரிட்டாக (இரண்டு வகை மட்டைகளின் குணம் கலந்தது) இருக்கட்டும்.

அது என்ன இரண்டு வகை? ஒன்று வுட், அந்தக் காலத்தில் மரத்தலை வைத்தது. பெரிய தலை, நீளக் காம்பு, நெடுந்தூரம் போகும். புதியவர் கையில் எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் சொல்ல முடியாது. இன்னொன்று அயர்ன், தட்டையான இரும்புத் தலை. இதன் அடி விளிம்பு மெல்லியது. பந்துக்கு ஒரு விரற்கடை முன்னதாகத் தரையில் பட்டால் மண்வெட்டி மாதிரி மண்ணுக்குள் இறங்கிவிடும். ஹைப்ரிட்டின் அடிப்பக்கம் அகலமாக, உருண்டையாக இருக்கும். அது மண்வெட்டி இல்லை, இஸ்திரிப் பெட்டி. கொஞ்சம் தப்பாகப் பட்டாலும் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஹைப்ரிட் தலையின் எடை கீழேயும் பின்பக்கமாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் நீங்கள் எதுவும் செய்யாமலே பந்து மேலே எழும். "நீங்கள் எதுவும் செய்யாமலே" என்பதை நினைவில் வையுங்கள். புதியவர்கள் செய்யும் தப்புகளில் பாதி, பந்தைத் தாமே தூக்கிவிடப் பார்ப்பதால் வருகிறது.

இது கற்றுக்குட்டிகளுக்கான மட்டையோ என்று சந்தேகம் வேண்டாம். 2009இல் அமெரிக்காவில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் தென் கொரியாவின் ஒய்.இ. யாங், டைகர் வுட்ஸை முந்தி வென்றார். கடைசிக் குழியில் 200 கெஜத்துக்குக் கொஞ்சம் மேலான தூரத்திலிருந்து, ஒரு மரத்தைத் தாண்டி, குழிக்குப் பக்கத்தில் அவர் பந்தை இறக்கியது ஹைப்ரிட்டால்தான். ஆசிய ஆண் ஒருவர் மேஜர் பட்டம் (உலகின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) வென்றது அதுவே முதல் தடவை.

தோள்பலம் இல்லாதவர்களுக்கு வருமா? பெங்களூருவின் அதிதி அசோக்கைப் பாருங்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது இடம். பதக்கம் மயிரிழையில் தப்பியது. அங்கே ஆடியவர்களில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். தூரத்தில் விட்டதை நேராக அடிப்பதில் பிடித்தார்.

சரி, கடையில் என்ன கேட்டு வாங்குவது? மட்டையின் அடியில் ஒரு எண் பொறித்திருக்கும். 4 அல்லது 5 வாங்குங்கள். அவற்றின் லாஃப்ட் (முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) பெரும்பாலும் 22 முதல் 26 டிகிரிக்குள் இருக்கும். எண் குறையக் குறையச் சாய்வு குறையும், பந்து எழுவது கஷ்டமாகும். காம்பு கிராஃபைட்டில் (கரி இழையில் செய்தது) இருந்தால் எடை குறைவு, கைக்கும் அதிர்ச்சி குறைவு. காம்பில் 'ஆர்' என்று எழுதியிருந்தால் சாதாரண வளைவு; பெரும்பாலோருக்கு அதுவே சரி. 'எஸ்' என்பது விறைப்பானது, வேகமாக வீசுகிறவர்களுக்கு. புதிய மட்டை நிறைய விலை சொல்வார்கள், பழையதை வாங்குங்கள். தலையில் விரிசல் இல்லாமல், பிடிமானத்து ரப்பர் கல்லாக இறுகிப் போகாமல் இருந்தால் போதும்.

இடதுகைக்காரரா நீங்கள்? எழுதுவது எந்தக் கை என்று பார்க்காதீர்கள். கிரிக்கெட்டில் எந்தப் பக்கம் நின்று ஆடுவீர்கள் என்று பாருங்கள். இடது பக்க மட்டை நம் நாட்டில் கிடைப்பது அரிது, அதிலும் பழையது கிடைப்பது அதைவிட அரிது. கீழே சொல்வதெல்லாம் வலதுகை ஆட்டக்காரருக்கு. இடதுகைக்காரர்கள் திருப்பிப் போட்டுப் படிக்க வேண்டும், மன்னிக்கவும்.

பிடிப்பது எப்படி? கிரிக்கெட் போலவே இடது கை மேலே, வலது கை கீழே. மட்டைக் காம்பு உள்ளங்கையில் அல்ல, விரல்களின் மேல் கிடக்க வேண்டும். குனிந்து பார்த்தால் இடது கையின் இரண்டு விரல் முட்டிகள் தெரிய வேண்டும். வலது கையின் சுண்டு விரலை இடது ஆள்காட்டி விரலின் மேல் போடச் சொல்வார்கள் சிலர், கோத்துக்கொள்ளச் சொல்வார்கள் சிலர். ஆரம்பத்தில் பத்து விரலும் காம்பைப் பிடித்திருந்தாலும் தப்பில்லை. எவ்வளவு இறுக்கமாக? குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தென்காசி ரோட்டைக் கடக்கிறீர்கள். அதற்கு வலிக்கவும் கூடாது, கை நழுவவும் கூடாது. அவ்வளவுதான் பிடி.

நிற்பது? கால்களைத் தோள் அகலத்துக்கு வையுங்கள். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனியுங்கள். முழங்கால் லேசாகத் தளரட்டும். கைகள் தாமாகத் தொங்கட்டும். மட்டையின் மேல் நுனிக்கும் தொடைக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தால் சரி. பந்து இரண்டு காலுக்கும் நடுவிலிருந்து ஒன்றிரண்டு பந்து அகலம் இடது பக்கம், அதாவது இலக்குப் பக்கம் தள்ளி இருக்கட்டும்.

இனி வீச்சு. மட்டையை ஓரமாக வைத்துவிடுங்கள். நாளை விடியற்காலையில் எழுந்து, தெருப் பெருக்குகிறவர்கள் நீளக் கம்பு கட்டிய துடைப்பத்தை எப்படி வீசுகிறார்கள் என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இடுப்பு திரும்புகிறது, தோள் அதன் பின்னாலேயே போகிறது, கை சும்மா தொங்கிக்கொண்டு வருகிறது. ஈர்க்கு நுனி தரையைத் தொட்டு, உரசி, மறுபக்கம் மேலே எழுகிறது. குப்பையை யாரும் தூக்கி எறிவதில்லை. துடைப்பம் போகிற வழியில் குப்பையும் போகிறது. நாள் முழுக்கப் பெருக்க வேண்டியவருக்கு வீணாகச் செலவழிக்கத் தெம்பு கிடையாது. அதனால்தான் அந்த அசைவு அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. ஹைப்ரிட் வீச்சும் அதேதான்.

வீட்டு வாசலில் ஒரு நீளத் துடைப்பத்தை வைத்து இருபது தடவை வீசிப் பாருங்கள். மணலில் கோடு விழும். அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது? பந்து இருக்க வேண்டிய இடத்திலோ அதற்கு ஒரு விரற்கடை இலக்குப் பக்கமாகவோ தொடங்கினால் நல்ல வீச்சு. பந்துக்குப் பின்னாலேயே தொடங்கினால் உங்கள் உடல் எடை வலது காலிலேயே தங்கிவிட்டது என்று பொருள். அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். வாசல் சுத்தமாகும் என்பதால் வீட்டில் ஆட்சேபம் வராது.

இப்போது மட்டையை எடுங்கள். நீங்களே ஒரு கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை 12, பந்து 6. இடது கையை 9 மணி வரை மட்டும் பின்னால் கொண்டுபோங்கள். மணிக்கட்டு தானாக மடங்கும், நீங்கள் மடக்க வேண்டாம். அங்கிருந்து இடது இடுப்பு முதலில் திரும்ப, உடல் எடை இடது காலுக்கு வர, மட்டை புல்லை உரசிக்கொண்டு போய் மறுபக்கம் 3 மணியில் நிற்கட்டும். முடிக்கும்போது தொப்புள் இலக்கைப் பார்க்க வேண்டும். வலது குதிகால் தரையை விட்டு எழுந்திருக்க வேண்டும். அந்த நிலையில் மூன்று விநாடி ஆடாமல் நிற்க முடிகிறதா? நின்றால் வீச்சு சரி. தள்ளாடினால் வேகம் அதிகம்.

வேகம் எவ்வளவு? மனத்துக்குள் எண்ணுங்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சொல்லும் நேரத்தில் பின்னால் போக வேண்டும். நாலு என்னும்போது பந்தில் பட வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்களின் வீச்சிலும் பின்னால் போகும் நேரம் கீழே வரும் நேரத்தைப் போல மூன்று மடங்குதான். அவசரப்பட்டுக் கிண்டினால் பால்கோவா அடிப்பிடிக்கும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கிரிக்கெட் ஆடியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. உங்களுக்குக் கண்ணும் கையும் ஏற்கெனவே பழகியிருக்கும், அது லாபம். ஆனால் கிரிக்கெட்டில் பந்தை நோக்கிக் காலை நீட்டிப் போவீர்கள், கீழ்க் கையால் தள்ளுவீர்கள். இங்கே பந்து எங்கும் ஓடப்போவதில்லை. காலை நீட்டினால் தலை நகரும், தலை நகர்ந்தால் மட்டை படும் இடம் நகரும். வலது கையை வெறும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிலம்பம் சுற்றியவர்களுக்கு இந்தத் தொந்தரவு குறைவு. இடுப்பைத் திருப்பக் குச்சி ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருக்கும்.

பந்து எழாமல் தரையோடு உருண்டு ஓடுகிறதே, ஏன்? மட்டை பந்தின் உச்சந்தலையில் பட்டிருக்கிறது. நீங்கள் அதைத் தூக்கப் பார்த்து, கடைசி நொடியில் நிமிர்ந்துவிட்டீர்கள். மருந்து வேடிக்கையானது: பந்தை மேலே அனுப்ப நினைக்காமல், பந்துக்கு அடுத்து இருக்கும் புல்லை உரச நினையுங்கள். மட்டை முகத்தின் சாய்வு மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

பந்து வலது பக்கமாகவே வளைந்து போகிறதா? இது ஸ்லைஸ் (வலப்புறம் வளையும் அடி), உலகம் முழுக்க உள்ள வியாதி. அடிக்கும் நேரத்தில் மட்டையின் முகம் வலது பக்கம் திறந்திருக்கிறது. முதலில் பிடியைப் பாருங்கள்: இடது கையின் முட்டி ஒன்றுதான் தெரிகிறது என்றால் கையை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

எங்கே பயிற்சி செய்வது என்பதுதான் நம் ஊரில் பெரிய கேள்வி. முதலில் எங்கே கூடாது என்று சொல்லிவிடுகிறேன். தென்னந்தோப்பில் கூடாது, மாந்தோப்பிலும் கூடாது. நிழல் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் நன்றாகப் பட்ட பந்து மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் கிளம்பும். மரத்தில் மோதினால் அந்த வேகத்தில் பாதியோடு உங்கள் முகத்துக்குத் திரும்பி வரும். தெருவில் கூடாது, மொட்டை மாடியிலும் கூடாது. மலையடிவாரம் காலியாகத்தானே கிடக்கிறது என்று போய்விடாதீர்கள். மேற்கே இருப்பது 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. நீங்கள் தொலைத்த பந்தைச் சாம்பல் நிற அணில் தேடித் தரப்போவதுமில்லை.

வற்றிய கண்மாய்? யோசிக்கலாம், நிபந்தனையோடு. முன்னால் குறைந்தது 200 கெஜம் ஆள், ஆடு, மாடு, பாதை எதுவும் இருக்கக் கூடாது. நம் கண்மாய்களில் இது காலை ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரைதான் நடக்கும். அதற்குப் பிறகு ஆடு வந்துவிடும். சீமைக் கருவேல முள் செருப்பைத் துளைக்கும் என்பதால் ஷூ போட்டுப் போங்கள். கோடையில் வெடித்த நிலத்தின் பிளவுக்குள் பந்து போய்விட்டால் கையை விடாதீர்கள். உள்ளே வேறு யாராவது குடியிருப்பார்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம், நான் பட்டுத் தெரிந்துகொண்டது. காய்ந்த கரிசல் மண் கல்லுக்குச் சமம். என் முதல் கோடையில் வெறும் நிலத்தில் பந்தை வைத்து அடித்து, மட்டை மண்ணில் மோதி, வலது மணிக்கட்டு வீங்கி, மூன்று வாரம் தேநீர்க் கிளாஸை இடது கையால்தான் பிடித்தேன். ஹைப்ரிட் வழுக்கும் என்று சொன்னேனே, அது புல்லில்தான். நம் நிலத்துக்கு ஒரு தடித்த தென்னைநார் மிதியடி வாங்கி, அடியில் பழைய ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன் மேல் பந்தை வையுங்கள். நாரின் அடர்த்தி புல்லுக்குப் பக்கத்தில் வரும்.

அதைவிட நல்ல வழி வீட்டுக் கொல்லையில் வலை. இரண்டு கம்பம் நட்டு, சிறு கண்ணுள்ள கெட்டி நைலான் வலையைக் கட்டுங்கள். அதற்கு இரண்டடி பின்னால் ஒரு பழைய ஜமுக்காளத்தைத் தொங்கவிடுங்கள். இரண்டும் தொளதொளவென்று இருக்க வேண்டும். இழுத்துக் கட்டினால் பந்து அம்பாய்த் திரும்பும். தொய்வாக இருந்தால் 'பொத்' என்று விழுந்து காலடிக்கு உருண்டு வரும். வலையிலிருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள். அதற்கும் இடம் இல்லையா? துளை போட்ட பிளாஸ்டிக் பந்து விற்கிறார்கள். எவ்வளவு வேகமாக அடித்தாலும் சில கெஜம் போய் விழுந்துவிடும். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் உறவுக்கும் சேதமில்லை. வீச்சைப் பழக அதுவே தாராளம்.

நீங்கள் வீசும்போது பின்னால் குழந்தைகள் நிற்கவே கூடாது. பந்தைவிட மட்டைத் தலை ஆபத்தானது. மட்டையை நீட்டி ஒரு முழு வட்டம் சுற்றிப் பார்த்து, அதற்கு மேலும் நாலடி காலியாக இருந்தால்தான் அடியுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு? நாற்பது பந்து, இருபது நிமிடம். அதற்கு மேல் உடல் களைத்துத் தப்பான அசைவையே பழகிக்கொள்ளும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று அடிக்கும்போது வெளியில் பயிற்சி வேண்டாம். காற்றைப் பார்த்தால் கை தானாக வேகமெடுக்கும், அதுவரை கட்டிக்காத்த 'ஒண்ணு, ரெண்டு, மூணு' எல்லாம் பறந்துவிடும். முதுகுத் தட்டு விலகியவர்கள், தோள் அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மற்றவர்களுக்கு வயது தடையில்லை. தினமும் பழகினால் இரண்டு மூன்று மாதத்தில் பத்துக்கு ஆறு பந்து எழும். முழு வீச்சில் 120, 130 கெஜம் போனாலே சந்தோஷப்படுங்கள்.

அதே ஹைப்ரிட்டுக்கு இன்னொரு உபயோகம் இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. குழிக்குப் பக்கத்தில் வந்த பிறகு, காம்பைத் தாழ்த்திப் பிடித்து, கேரம் போர்டில் காயைத் தள்ளும் பக்குவத்தில் ஒரு சின்னத் தட்டு. பந்து கொஞ்சம் எழுந்து, பிறகு உருண்டு ஓடும். 2004இல் ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூனில் நடந்த ஓப்பன் போட்டியில் டாட் ஹாமில்டன் இப்படித் தட்டித் தட்டித்தான் எர்னி எல்ஸைக் கூடுதல் ஆட்டத்தில் வென்றார். இதைக் கூடத்திலேயே பழகலாம். பத்தடி தள்ளி ஒரு சொம்பைச் சாய்த்து வையுங்கள். அளவு ஏற்கெனவே பொருந்தும்.

உண்மையான புல்லில் எப்போது அடிப்பது? பத்துக்கு ஆறு எழ ஆரம்பித்ததும் போகலாம். மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் 9 குழி மைதானம் ஒன்று உண்டு. எனக்குப் பிடித்தது கொடைக்கானல். 1895இல் தொடங்கிய கிளப், தூண் பாறைக்குப் போகும் வழியில் 18 குழி மைதானம். நம் ஊரிலிருந்து நாலைந்து மணி நேரம். தனியார் கிளப் என்பதால் வெளியாட்களை அனுமதிக்கும் நாள், கட்டணம், மட்டை வாடகை எல்லாவற்றையும் கிளம்பும் முன் போனில் கேட்டுவிடுங்கள். காலர் வைத்த சட்டையும் ஷூவும் வேண்டும். கேடியை (பையைத் தூக்கி, வழி சொல்லும் உள்ளூர்க்காரர்) மறக்காமல் அமர்த்திக்கொள்ளுங்கள். எந்த மேட்டுக்குப் பின்னால் என்ன பள்ளம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் அங்கே காற்று மெலிசு. கொல்லையில் பழகிய அதே வீச்சுக்குப் பந்து இன்னும் சில கெஜம் கூடுதலாகப் போகும். திறமை கூடிவிட்டது என்று நினைத்து வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். பனி ஈரத்தில் புல் வழுக்கும், காலை அகட்டி நில்லுங்கள். அடிக்கிற திசையில் சில நேரம் காட்டுமாடு மேய்ந்துகொண்டிருக்கும். கேடி கையைக் காட்டி நிறுத்துவார். அது மேய்ந்து முடித்து, நிமிர்ந்து உங்களை ஒரு பார்வை பார்த்து, மெதுவாக நகரும்வரை மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.